பாட்டு முன்னே, பரீட்சை பின்னே
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



“சிறாரும் சங்கீதமும்” என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்திருக்கின்றனர். நாம் சங்கீத வித்துவான்கள் அல்லோம். பல்கலைக்கழகத்திற் பயிலும் மாணவர். ஆயினும், இளமையில் விதைப்பது எது, விளைவது எது என்று சிந்திக்கும் உரிமை மாணவர்க்கும் உண்டன்றோ?

நம் நாட்டிலே பிள்ளையைச் சங்கீத வகுப்பிற்கு அனுப்பாத தமிழ்க் குடும்பங்கள் சிலவே எனலாம். இது மகிழ்ச்சிக்குரியது. 1931ஆம் ஆண்டில் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சைகளை வகுத்து, இசைக் கல்விக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. அப்பணியை நாம் மறத்தலாகாது. ஆனால், ஒழுங்கிற்காக எழுந்த பரீட்சையைப் பெற்றோராகிய நாம் இலக்காகவே மாற்றிவிட்டோம். பிள்ளை முதல்நாள் வகுப்பிற்குப் போய் வந்ததும், “என்ன பாடினாய்?” என்று கேட்பவர் யார்? “எத்தனையாம் தரம்?” என்றன்றோ கேட்கின்றோம்! சான்றிதழ் சுவரில் ஏறுகின்றது. வீணை உறைக்குள் உறங்குகின்றது. நான்கு வயதில் வீடெல்லாம் பாடித் திரிந்த குழந்தை, பன்னிரண்டு வயதில், “ஒரு பாட்டுப் பாடு” என்றால் தலை குனிகின்றது. இந்த நட்டத்திற்குக் காரணம் யாது?

குழந்தை மொழியைக் கற்கும் முறையைப் பாருங்கள். முதலிற் கேட்கின்றது, பின்பு மழலை பேசுகின்றது, அதன் பின்னரே ஏடு தொடக்குகின்றோம். எழுத்தறிந்த பின்னர்தான் பேசவேண்டுமென்று எந்தத் தாயும் சொல்வதில்லை. சங்கீதத்தில் மாத்திரம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகின்றோம்.

நமது முன்னோர் வகுத்த பாடமுறை தவறானதோ எனின், அன்று. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் பயிற்சி முறையை எண்ணிப் பாருங்கள். சரளிவரிசை, ஜண்டைவரிசை, அலங்காரம், கீதம் என அது படிப்படியாக ஏறுகின்றது. தொடக்கத்திற்குரிய இராகம் மாயாமாளவகௌளை. அதில் ச ரி க ம என்னும் நான்கிற்கு எவ்வெவ்விடைவெளியோ, ப த நி ச என்னும் நான்கிற்கும் அவ்வவ்விடைவெளியே. கீழ்ப்பாதியைப் பழகிய பிள்ளைக்கு மேற்பாதியும் பாதி பழகியதாகும். முதற் கீதங்கள் அமைந்த மலகரியோ அம்மாயாமாளவகௌளையின் ஜன்னியம். எத்துணை நுட்பமான ஏற்பாடு!

எனினும் ஒன்று கவனிக்கவேண்டும். சரளிவரிசை பாட வந்த அக்காலப் பிள்ளை வெறுங் காதோடு வரவில்லை. தாலாட்டு, ஊஞ்சற் பாட்டு, கோவிற் தேவாரம், வீதியில் நாதசுரம் என்பன அதன் காதை முன்னமே உழுது வைத்திருந்தன. இன்றைய வீட்டிலே அந்த உழவு குன்றிவிட்டது. உழாத நிலத்திலே விதைத்துவிட்டு, விதையையும் நிலத்தையும் நோவதிற் பயனென்ன?

மேனாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. ஹங்கேரி நாட்டு இசைமேதை சோல்டான் கொடாய் (1882–1967), வாத்தியத்திற்கு முன் குரல், ஏட்டிற்கு முன் பாட்டு என்று வற்புறுத்தினார். அவர் பிறந்த கெச்கெமெட் நகரில் 1950இல், நாள்தோறும் பாட்டுப் பயிற்றும் ஆரம்பப் பாடசாலை ஒன்று எழுந்தது. அவர் வழியிலே சிறு குழந்தைகள் முதலில் நாட்டுப் பாட்டுக்களையும் விளையாட்டுப் பாட்டுக்களையும் பாடுவர். ஐந்து சுரப் பாட்டுக்களுக்கு அங்கே முதலிடம். அவ்வைந்தும் நம் மோகனத்தின் ச ரி க ப த என்னும் சுரங்களே. நெருங்கிய அரைச்சுர இடைவெளி அவற்றில் இல்லையாதலின், இளங்குரல் இடறுவதில்லை. சுரங்களைக் கையசைவாற் காட்டும் முறையை அவர் ஆங்கிலேயராகிய ஜோன் கர்வெனிடமிருந்து பெற்றார். கர்வென் பரப்பிய டொனிக் சொல்பா முறையில், “டோ” குரலுக்கேற்ற எந்த இடத்திலும் அமையலாம். இதுவே நமது ஆதார சட்சத்தின் இயல்புமன்றோ?

இவை பிறநாட்டுப் புதுமையென எண்ணவேண்டா. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையைப் பாருங்கள். மாதரி ஆயர் கன்னியர் எழுவரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழிசைப் பெயர்களை இட்டு, குரவையாட வைக்கின்றாள். சுரம் அங்கே ஏட்டில் இல்லை; கைகோத்து நிற்கும் தோழியின் பெயராய் நிற்கின்றது. காரைதீவு தந்த விபுலானந்த அடிகள் தமது யாழ்நூலில் (1947) ஆராய்ந்த பழந்தமிழிசை இத்தகைய ஆடலோடும் பாடலோடும் வாழ்ந்த இசையே.

ஆகவே நாம் வேண்டுவது சரளிவரிசையை நீக்குதல் அன்று. அதற்கு முன்னே ஒரு படியை மீண்டும் கட்டுதல். மூன்று வயது முதல் ஆறு வயது வரை பாட்டும் தாளமும் விளையாட்டும் போதும். கையால் தட்டட்டும், காலால் நடக்கட்டும், கேட்டதைத் திருப்பிப் பாடட்டும். கைத்தொலைபேசியிலேயே சுருதி ஒலிக்கும் காலம் இது. நாள்தோறும் பத்து நிமிடம் அதனோடு பாடுதல் எந்த வீட்டிற்கும் இயலும். சுருதி குழந்தையின் குரலுக்கு ஏற்றதாயிருக்கட்டும். ஆசிரியரின் குரலுக்காகக் குழந்தை தொண்டையை வருத்துதல் ஆகாது.

மற்றொன்று. நாம் கற்ற மிஷன் பள்ளியில், காலைக் கூட்டத்திலே எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே பாடுவோம். “உனக்குக் குரல் உண்டா?” என்று எவரும் கேட்டதில்லை. பாடிப் பாடியே பலர்க்குக் குரல் வந்தது. நம்மிடையோ, “இவனுக்குச் சங்கீதம் வராது” என்று ஏழு வயதிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகின்றோம். கட்டணம் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கோ அந்தத் தீர்ப்புக்கூடக் கிடைப்பதில்லை, வாயிலே அடைபட்டிருக்கின்றது.

பரீட்சை இல்லையேல் ஊக்கம் ஏது என்று சிலர் வினவலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை ஏணியாகலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வேலியாகும். பாட்டில் இன்பம் கண்ட பிள்ளையே பின்னர்ப் பரீட்சையையும் வெல்லும். பரீட்சை முடிந்த பின்னும் பாடும்.

தோழர்களே! நமது மன்ற மண்டபம் சனிக்கிழமை மாலைகளிலே பூட்டிக் கிடக்கின்றது. ஊர்ப் பிள்ளைகள் யாவரும் கட்டணமின்றி வந்து ஒருமணி நேரம் கூடிப் பாட அதன் கதவைத் திறப்போமாக. நன்றாகப் பாடவல்ல அக்காமாரும் அண்ணன்மாரும் நம்மிடையே உள்ளனர். தாலாட்டு அறிந்த பாட்டிமாரும் இவ்வூரில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே தொடங்கவேண்டும் என்பதே எமது விண்ணப்பம்.