பெரும்பொழுதும் பெக்கோப் பாதையும்



பெரும்பொழுது ஆறு என்பதும், அவற்றுள் குறிஞ்சிக்கு உரியவை கூதிரும் முன்பனியும் என்பதும் தமிழ் படித்த எல்லோருக்கும் தெரிந்ததே. வகுப்பறையிலே பல ஆண்டுகள் இதனை ஒப்புவித்தவன் நான். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் மலையிலே எப்படி இருக்கும் என்று நடந்து பார்த்தேனா என்றால், இல்லை. ஓய்வு பெற்ற பின்னர்தான் அந்த எண்ணம் வந்தது. 2025ஆம் ஆண்டிலே, மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மலையகத்தில் நடப்பது என்று வைத்துக்கொண்டேன். அந்த நடையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நான் நடந்தது 'பெக்கோ ட்ரெயில்' என்று இப்போது பெயர் பெற்றிருக்கும் நெடும்பாதை. கண்டிக்கு அண்மையில் ஹந்தானையிலே தொடங்கி, தேயிலை மலைகளைச் சுற்றிக்கொண்டு, ஹப்புத்தளை, எல்ல என்று போய் நுவரெலியாவில் முடிகின்றது. நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். அதனை 22 பகுதிகளாக வகுத்திருக்கின்றார்கள். ஒரு பகுதியை ஒரு நாளில் நடந்துவிடலாம். விடியப் புறப்பட்டுப் பொழுதுபட பஸ் ஏறி வீடு திரும்பலாம் என்பதே என்னைப் போன்ற முழங்கால் நோவுக்காரருக்குப் பெரிய வசதி. பாதை புதிதாக வெட்டப்பட்டதன்று. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் போட்ட வண்டிப் பாதைகளையும் குறுக்குப் பாதைகளையும் ஒன்றோடொன்று தொடுத்திருக்கின்றார்கள். பெயர்தான் புதிது.

தை மாதத்தில் லூல்கந்துரவுக்கு ஏறினேன். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் இது. அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லப்படும் கல் இருக்கை இன்னும் இருக்கின்றது. அதில் இருந்துகொண்டு நான் நினைத்தது என்னவோ கோப்பியைத்தான். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோரில் மிகப் பலர் பழம் பறிக்கும் பருவம் பார்த்து வந்தார்கள். பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடை. வழியிலே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தப் பழைய நடையைத்தான் மறுபடி நடந்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்துக்கு வந்த தேயிலைக்கோ அறுவடைக் காலம் என்று ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்து போனவர்கள் லயத்தில் நிலைத்துவிட்டார்கள். பருவம் பார்த்து நடந்தவர்கள், பருவமில்லாத ஒரு செடிக்கு வாழ்க்கைப்பட்டார்கள் என்று எனக்குள் ஒரு வசனம் செய்து மகிழ்ந்தேன்.

அந்த வசனம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. மாசியில் புண்டலுஓயாவிலிருந்து வட்டகொடைப் பக்கம் நடந்தேன். சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த மடக்கும்புரைத் தோட்டம் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றது. தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த அவரை நினைக்காமல் அந்த வழியில் எப்படி நடப்பது? வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. இரவிலே கடுங்குளிர், பகலிலே வரண்ட வெயில். மேற்குச் சரிவுத் தேயிலைக்கு இதுவே நல்ல காலம் என்பார்கள் வியாபாரிகள். கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் ஏறும், விலையும் ஏறும். நடப்பவனுக்கும் இதைவிட நல்ல நாள் கிடையாது. அதை வழியில் கண்ட ஓர் அம்மாவிடம் சொன்னேன்.

"நீங்க வெயிலுனு தானே வந்தீங்க ஐயா? இந்த வெயிலு எங்களுக்கு ஆகாதுங்க. கொழுந்து இல்ல. நாள் பூரா மலையில நின்னாலும் அரைப் பேருதான்" என்றார்.

நேயர்களுக்கு ஒரு சொல் விளக்கம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த கிலோ பறித்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். தேயிலைக்கு மணம் ஏறும் பருவத்தில் கூடையின் எடை இறங்குகின்றது. எந்த இலக்கணத்திலும் எழுதாத பெரும்பொழுது இது.

ஆனியிலே நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம். தென்மேற்குப் பருவமழை பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. காலுறைக்கு மேலே சவர்க்காரம் பூசியும் அட்டைகள் விடவில்லை. பதினேழு வரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன். என்னைக் கடந்து கொழுந்துக்குப் போன பெண்கள் இடுப்பிலே படங்கும் தலையிலே பொலித்தீனுமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். மழை நாளில் கூடை கனக்கும் அல்லவா என்று கேட்டேன். ஈரத்துக்கென்று தராசிலே கழித்துவிடுவார்களாம். எவ்வளவு ஈரம் என்று அளப்பதற்குக் கருவி உண்டா என்று கேட்டதற்கு, அவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

ஆவணியில் கிழக்குச் சரிவுக்குப் போனேன். பட்டிப்பொளை கழிந்ததும் ரயில் ஒரு சுரங்கத்துள் நுழைகின்றது. இந்தப் புறம் முகில், தூறல். ஒஹியப் புறம் வெளியே வந்ததும் வெயில். மேற்கிலே மழையைக் கொட்டிவிட்ட அதே காற்று, மலைமுகடு தாண்டியதும் வரண்ட காற்றாக இறங்குகின்றது. மட்டக்களப்பார் கச்சான் என்று அழைப்பது இதனைத்தான். ஒரே நாளில், ஒரே பாதையில், இரண்டு பெரும்பொழுதுகள்! ஊவாத் தேயிலையின் மணத்துக்கும் இந்தக் காற்றே காரணம்.

பாதை ஹோர்ட்டன் சமவெளியை அண்டிச் செல்லும் அப்பகுதியிலே நெலு பூத்திருந்தது. நமது இலக்கியத்துக் குறிஞ்சியின் இனம்தான் இது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். முன்னர் 2013இல் பூத்தது; பின்னர் 2025இல். குறிஞ்சி என்ற சொல்லைப் பல்லாயிரம் முறை உச்சரித்தவன் அதன் இனப் பூவை முதன்முறையாகப் பார்த்தேன். நீலமும் ஊதாவுமாகக் காட்டுக்குள்ளே ஒரு மங்கல். வெட்கமாகவும் இருந்தது. அடுத்த பூப்புக்கு எனக்குக் கால் இருக்குமா என்ற கவலையும் வந்தது.

ஐப்பசி பிறந்தது, கூதிர்க் காலம். ஹப்புத்தளைப் பக்கத்தில் காலை நடை நன்றாகவே இருந்தது. பகல் ஒரு மணிக்கெல்லாம் இடி முழக்கம் தொடங்கிவிட்டது. தேநீர்க் கடைக்காரர் ஒருவர் என்னை உள்ளே அழைத்து இருத்தினார். "மாஸ்டர், இந்த மாசம் முடிஞ்சு வருஷம் பொறக்குற வரைக்கும் வராதீங்க" என்றார். காரணம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. அங்கிருந்து தெற்குச் சரிவிலே இருப்பது கொஸ்லந்தை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை லயங்களை மண் மூடியதும் இதே ஐப்பசியில்தான். ஆபத்து உண்டென்று முன்னரே எச்சரிக்கப்பட்ட சரிவு அது. குறிஞ்சியின் கூதிரிலே தலைவன் வருவான் என்று தலைவி காத்திருப்பாள் என்று பாடம் சொன்னேனே, நேயர்களே, அந்தச் சரிவுகளில் ஐப்பசி இரவிலே விழித்திருப்பவர்கள் காதில் விழக் காத்திருப்பது வேறொரு ஓசை.

நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் வந்தது. மலையகத்தில் மண் சரிந்த இடங்களும் இறந்தவர்களின் தொகையும் செய்திகளில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போயின. எனக்கு நடக்க இன்னும் ஏழு பகுதிகள் மிச்சம் இருந்தன. அதை நினைத்ததற்கே கூச்சப்பட்டேன். தேநீர்க் கடைக்காரரின் தொலைபேசி நான்கு நாட்களுக்குப் பின்னரே கிடைத்தது. அவர் வீட்டில் எல்லோரும் சுகம்.

"றோட்டு போயிருச்சு மாஸ்டர். மேல் லயத்து ஆளுங்க எல்லாம் பள்ளிக்கூடத்துல இருக்காங்க" என்றார். பாதை என்னாயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "நீங்க நடந்தீங்களே அந்தக் குறுக்குப் பாதை, அது இருக்கு. அதுலதான் இப்ப தலைச்சுமையா அரிசி வருது."