தாத்தாவோட அம்பாசிடருக்கு எந்த ஆயில்?

இந்த வாரக் கேள்வி தேங்காய்த்திட்டுல இருந்து வந்திருக்கு. தாத்தா விட்டுட்டுப் போன 1984 மாடல் அம்பாசிடர், பெட்ரோல் வண்டி. "இருக்கறதுலயே விலை கூடின சிந்தெடிக் ஆயில், 5 டபிள்யூ 30 ஊத்து"னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்களாம். ஊத்தலாமா?

வேணாம். ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த நம்பர். டபிள்யூன்னா விண்டர். அதுக்கு முன்னாடி இருக்கற எண் குறையக் குறைய, கடுங்குளிர்லயும் ஆயில் சுலபமா ஓடும். புதுச்சேரியில மார்கழி விடியக்காலையிலகூட 20 டிகிரிக்குப் பக்கம்தான். அந்த 5-க்கு இங்க வேலையே இல்லை. பின்னாடி இருக்கற எண், இன்ஜின் சூடானப்புறம் ஆயில் எவ்வளவு கெட்டியா நிக்கும்னு சொல்லுது. அம்பாசிடரோட 1489 சிசி இன்ஜின், 1950கள்ல வந்த பிரிட்டிஷ் டிசைன். பாகங்களுக்கு நடுவுல இடைவெளி அதிகம். 40 வருஷ ஓட்டத்துல இன்னும் தேய்ஞ்சிருக்கும். மெல்லிய ஆயில் போட்டா ஆயில் பிரஷர் குறையும், ஒழுகலும் கூடும். அதனால 20 டபிள்யூ 50 மினரல் ஆயிலே போதும். விலையும் குறைவு.

அடுத்தது, டப்பா மேல பெருசா போடாத விஷயம். இந்த இன்ஜின்ல கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் நேரா உரசித்தான் ஓடும், நடுவுல ரோலர் கிடையாது. அந்த உரசலைத் தாங்க வைக்கறது ஆயில்ல இருக்கற ஜிங்க், பாஸ்பரஸ் சேர்மானம். ஆனா பாஸ்பரஸ், புது கார்கள்ல இருக்கற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதனால ஏ.பி.ஐ. எஸ்.பி. மாதிரி புதுத் தரங்கள்ல, 5 டபிள்யூ 30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 20 டபிள்யூ 50-க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உங்க வண்டியில கன்வெர்ட்டரும் இல்லை. ஆனாலும் பிராண்டுக்கு பிராண்டு அளவு மாறும், கம்பெனியோட டேட்டா ஷீட்டைப் பார்த்துட்டு வாங்குங்க.

கேம் தேய்ஞ்சா இன்ஜினையே பிரிக்கணும். அம்பாசிடர் உற்பத்தி 2014-லயே நின்னு போச்சு. நல்ல பார்ட்ஸுக்கு அலையணும்.

கடைசியா, உங்க ஏரியா. பக்கத்துலயே துறைமுகம், எப்பவும் ஈரக்காத்து. வண்டியை ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து பத்து நிமிஷம் சுத்திட்டு நிறுத்தினா, இன்ஜின் முழுசா சூடாகாது; உள்ள சேர்ற ஈரம் ஆயில்லயே தங்கிடும். ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து பாருங்க. உள்பக்கம் வெண்ணெய் மாதிரி படிஞ்சிருந்தா அதோட அடையாளம் அதுதான். கூடவே ரேடியேட்டர் தண்ணியும் குறைஞ்சா, ஹெட் கேஸ்கெட்டா இருக்கலாம், உடனே மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டுங்க. இல்லேன்னா, எடுக்கற அன்னைக்கு மரப்பாலம் தாண்டி கடலூர் ரோட்டுல அரை மணி நேரமாவது ஓட்டுங்க. கிலோமீட்டர் ஏறலைன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க.

தாத்தா வண்டி நல்லா ஓடட்டும். அடுத்த வாரம் பார்ப்போம்.