‘மிஸ்ஸிங்’ அடிக்கும் பழைய கார்
பொருளை மாற்றுமுன் பழுதைக் கண்டறிவோம்

(தோட்டப் பொதுமண்டபத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நம் தோட்டங்களில் கார் என்பது ஆடம்பரப் பொருளன்று. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் பெரும்பாலும் பட்டணத்தில் இருக்கின்றன. லயத்துக்கும் பெருஞ்சாலைக்கும் இடையே செம்மண் பாதை நீண்டு கிடக்கிறது. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச் செல்லவும், தேர்வு நாளில் பிள்ளைகளைக் கொண்டுவிடவும் நம்மவர் பலர் நம்பியிருப்பது பழைய கார் ஒன்றையே.

மழைக்காலம் வந்தால் மரம் நனைகிறது; பால்வெட்டு நாட்கள் குறைகின்றன; வருவாயும் குறைகிறது. பழைய காரின் இஞ்சின் விக்கி விக்கி ஓடத் தொடங்குவதும் பெரும்பாலும் அதே மழைக்காலத்தில்தான். கையில் பணம் குறைந்த வேளையில், இன்ன பழுது என்று அறியாமலே கார்புரேட்டரை மாற்றி, காயிலை மாற்றி, இறுதியில் சில வெள்ளி மதிப்புள்ள பிளக் வயரில் வெடிப்பு இருந்ததைக் கண்டவர்கள் உண்டு. மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. காருக்கும் அதே முறைதான். அம்முறையையே இன்று நாம் விளக்க முற்படுகிறோம்.

பழுது என்பது யாது?

நாம் பேசுவது கார்புரேட்டரும் டிஸ்டிரிபியூட்டரும் கொண்ட பழைய கார்களைப் பற்றி. 1970களின் டாட்சன் 120ஒய், 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான புரோட்டோன் சாகாவின் தொடக்ககால வகைகள் ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை.

இவற்றின் இஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை உறிஞ்சுகிறது; அழுத்துகிறது; பிளக்கின் தீப்பொறியால் அதை எரித்து விசை பெறுகிறது; பின் புகையை வெளியேற்றுகிறது. இஞ்சின் நிமிடத்திற்கு 800 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 400 முறை எரிய வேண்டும். இவற்றில் ஒன்று எரியத் தவறுவதையே ‘மிஸ்ஸிங்’ என்கிறோம். நால்வர் சுமந்த பாரத்தை மூவர் சுமப்பதுபோல் இஞ்சின் நடுங்கும். மேட்டில் இழுவை குறையும். புகைக்குழாயில் ‘படபட’ என்னும் ஓசை எழும். பெட்ரோல் வாடை வீசும்.

இதனை அப்படியே விட்டுவிடலாகாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரில் படிந்துள்ள எண்ணெயைக் கழுவிவிடும். கீழே இறங்கி இஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். சிறிய பழுது பெரிய தேய்மானமாக வளரும். அன்றியும், முச்சந்தியைக் கடக்கும் நேரத்தில் இஞ்சின் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

சிலிண்டர் எரிவதற்கு மூன்று தேவை: சரியான கலவை, போதிய அழுத்தம், உரிய நேரத்தில் வலுவான தீப்பொறி. இம்மூன்றில் எது குறைந்தது என்பதைக் கண்டறிவதே நம் வேலை.

முதலில் பாதுகாப்பு

காரைக் காற்றோட்டமுள்ள சமதரையில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்துக் கைபிரேக்கை இழுங்கள். சுருட்டு, சிகரெட் கூடவே கூடாது. தோளில் துண்டு, தொங்கும் சட்டை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை விசிறியில் சிக்கக்கூடும். பிளக் வயரில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட் மின்சாரம். இஞ்சின் ஓடும்போது அதைக் கையால் தொடாதீர்கள். இருதயக் கருவி பொருத்தப்பட்டவர்கள் இவ்வேலையை மற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

கேளுங்கள், பாருங்கள்

எப்பொழுது விக்குகிறது என்பதை முதலில் கவனியுங்கள். மழையிலும் பனிபடர்ந்த விடியலிலும் மட்டும் விக்கினால், டிஸ்டிரிபியூட்டர் மூடியிலோ வயரிலோ ஈரம் புகுந்திருக்கலாம். இஞ்சின் சூடேறிய பிறகு விக்கினால் காயிலையோ கண்டென்சரையோ ஐயுற வேண்டும். மேடேறும்போது மட்டும் விக்கினால், பாரத்தின்போது தீப்பொறி வலுவிழக்கிறது. அல்லது பெட்ரோல் போதிய அளவில் வந்து சேரவில்லை. ஒரே தாளத்தில் விடாது விக்கினால் ஒரு சிலிண்டரின் குறை; தாளமின்றி விக்கினால் நான்கிற்கும் பொதுவான பகுதியின் குறை எனக் கொள்ளலாம்.

இரவில், விளக்கில்லாத இடத்தில், இஞ்சினை ஓடவிட்டு எட்ட நின்று பாருங்கள். வெடித்த வயரிலிருந்து நீலப் பொறி பாய்வது இருளில் தெளிவாகத் தெரியும். பின்னர் இஞ்சினை நிறுத்தி, டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடையுங்கள். மயிரிழைபோல் கறுத்த கோடு ஓடியிருந்தால் அதன் வழியே மின்சாரம் கசிகிறது. மூடியை மாற்றியே ஆக வேண்டும். பாயிண்ட் உள்ள பழைய வகையானால், அதன் முகங்கள் குழிவிழுந்து கருகியுள்ளனவா என்றும் பாருங்கள்.

எந்தச் சிலிண்டர்?

ஒரே தாளத்தில் விக்கும் இஞ்சினில் குற்றவாளியைப் பிடிப்பது எளிது. இஞ்சினை நிறுத்துங்கள். பிளக் வயர்களுக்கு 1, 2, 3, 4 என எண்ணிட்ட காகிதத்தை ஒட்டுங்கள். பெரும்பாலான நான்கு சிலிண்டர் இஞ்சின்களில் எரியும் வரிசை 1-3-4-2. வயர் இடம் மாறினால் புதிய பழுது பிறக்கும்.

பிறகு முதல் பிளக்கின் வயரைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்தப் பிளக்கின் உலோக உடல் இஞ்சின் இரும்பைத் தொடுமாறு அசையாமல் பொருத்துங்கள். அது பெட்ரோல் குழாயிலிருந்து விலகி இருக்கட்டும். வயரை வெறுமனே தொங்கவிட்டால் மின்சாரம் வழி தேடிக் காயிலைக் கெடுக்கக்கூடும். இப்பொழுது இஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டுங்கள். நடுக்கம் முன்னிலும் மிகுந்தால், அந்தச் சிலிண்டர் ஒழுங்காக உழைத்துக் கொண்டிருந்தது என்று பொருள். எவ்வித மாற்றமும் இல்லையேல், உழைக்காத சிலிண்டர் அதுவே. ஒவ்வொரு முறையும் இஞ்சினை நிறுத்தி, நான்கையும் இவ்வாறே சோதியுங்கள்.

பிளக் சொல்லும் செய்தி

இஞ்சின் ஆறிய பின் அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது தீப்பொறி மந்தம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இஞ்சின் எண்ணெய் உள்ளே ஏறுகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுமீறிய சூடு. பெட்ரோலில் நனைந்திருந்தால் தீப்பொறி விழவில்லை.

பிளக்கின் இடைவெளியும் முக்கியம். உளி ஆழமாகப் பாய்ந்தால் மரம் புண்படும். மேலோடு நின்றால் பால் இறங்காது. பிளக்கின் இடைவெளியும் அவ்வாறே. பாயிண்ட் வகைக் கார்கள் பலவற்றில் அது 0.6 முதல் 0.9 மில்லிமீட்டர், மின்னணு வகையில் 1.1 வரையிலும் இருக்கும். உங்கள் காரின் கையேடு சொல்லும் அளவே முடிவானது.

அடுத்து, காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஐயத்திற்குரிய பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். பழுதும் உடன் மாறிச் சென்றால் பிளக்கே குற்றவாளி. மாறாவிடில், நீளம் எட்டுமாயின், வயரை அவ்வாறே மாற்றிப் பாருங்கள். வரிசை மட்டும் குலையக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். இரண்டை ஒருங்கே மாற்றினால், எது குணமாக்கியது என்று அறிய இயலாது.

கலவையும் அழுத்தமும்

தீப்பொறி நன்றாக இருந்தும் விக்கல் தீரவில்லையா? கார்புரேட்டரைச் சுற்றியுள்ள சிறு ரப்பர்க் குழாய்களைப் பாருங்கள். ரப்பரின் இயல்பு நமக்குப் புதிதன்று. வெயிலிலும் வெப்பத்திலும் அது இறுகி வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே கணக்கில்லாத காற்று உள்ளே புகுந்தால் கலவை நீர்த்துப் போகும். நின்று ஓடும்போது இஞ்சின் விக்கும். பெட்ரோல் வடிகட்டியையும் மாற்றிப் பாருங்கள். பழைய டின்களில் சேமித்த பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பதும் உண்டு. கசிவைத் தேடும் நோக்கில் சூடான இஞ்சின்மீது பெட்ரோலைத் தெளிப்பது தீயை வரவழைப்பதாகும், ஒருபோதும் செய்யாதீர்கள்.

பிளக்கும் வயரும் மாற்றிய பின்னரும் அதே சிலிண்டர் உழைக்க மறுத்தால், அழுத்தக் குறைவை ஐயுறுங்கள். இதற்குப் பட்டறைக்குச் செல்லுங்கள். அங்கே அழுத்தமானியால் நான்கு சிலிண்டரையும் அளக்கச் சொல்லுங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் உயர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. உயராவிடில் வால்வையோ கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒருங்கே குறைந்தால் பெரும்பாலும் கேஸ்கட்டே காரணம்.

இவற்றை அறிந்து செல்பவர் பட்டறையில், “வண்டி சரியில்லை, பாருங்கள்” என்று மட்டும் சொல்லமாட்டார். “மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை, பிளக்கும் வயரும் மாற்றிப் பார்த்தேன், அழுத்தத்தை அளந்து சொல்லுங்கள்” என்பார். நேர்மையான மெக்கானிக்குக்கு அது பாதி வேலையைக் குறைக்கும். மற்றவர்க்கு அது ஓர் எச்சரிக்கையாகும். மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்கும் பழக்கத்தையும் மேற்கொள்ளுங்கள்.

இளைஞர்களே! இத்துறையில் உங்களுக்கு ஆர்வமிருப்பின் அதனை வீட்டுக் கொல்லையோடு நிறுத்திவிடாதீர்கள். முறையாகப் பயின்று சிஜில் கெமாஹிரான் மலேசியா என்னும் தொழில்திறன் சான்றிதழைப் பெறுங்கள். கைத்திறனுக்குச் சான்று சேர்ந்தால் ஊதியமும் உயரும்.

பெரியோர்களே! அடுத்த மழைக்கு முன்பே, ஓய்வு நாளொன்றில் காரின் முன்மூடியைத் திறந்து, பிளக் வயர்களையும் டிஸ்டிரிபியூட்டர் மூடியையும் துடைத்துச் சோதித்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உங்கள் பிள்ளைகளையும் அருகில் நிறுத்திக் காட்டுங்கள்.