மூச்சுக்குத் துணை மௌத் ஆர்கன்



நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 2019-இல் உலகெங்கும் சுமார் 32 லட்சம் உயிர்களைப் பறித்தது. புகைப்பழக்கத்தால் என் அண்ணனும் அதில் சிக்கினார். சந்நிதிப் படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

சுருங்கிய மூச்சுக்குழாய்களுக்குப் பின்னே காற்று தங்கிவிடுவதே காரணம். மௌத் ஆர்கனோ ஊதினாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். மெல்ல ஊதும்போது ஏற்படும் எதிரழுத்தம் குழாய்களைத் திறந்து வைக்கிறது. தங்கிய காற்று வெளியேறுகிறது. அமெரிக்காவில் நோயாளிகளுக்கு இதனை வகுப்பாகவே நடத்தியிருக்கிறார்கள்.

சேதமுற்ற நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. மருந்தை நிறுத்தலாகாது, புகையைத் தொடவே கூடாது. ஆயினும் மருத்துவர் சொல்லி வாசிக்கப் பழகிய அண்ணன், இன்று பதறாமல், நின்று நிதானித்துப் படியேறிச் சாமி கும்பிடுகிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், மருத்துவரைக் கேட்டு முயலுங்கள்.