துன்னமும் தோலும்



பழந்தமிழ்ச் செய்யுளில் கைத்தொழில் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்தனர். அதனை ஒரு மோட்டார்ப் பட்டறையிலிருந்து தொடங்க இசைவு தருக. காரின் ஸ்டீயரிங் சக்கரத்தில் தேய்ந்துபோன தோலுறையைப் பிரித்துத் தைக்கும் வேலையைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையை ஒட்டிய கடையொன்றில் அரைநாள் அமர்ந்து கண்டேன். தோல் தைப்பது பற்றி நூல்களில் படித்தவை பல எனக்கு அன்றுதான் விளங்கின.

அச்சக்கரத்தின் உள்ளே உலோக வளையம், அதன்மேல் நுரைப்பொதி, அதற்கும் மேலே தோல். கை எந்நாளும் பற்றுமிடத்தில் முதலில் ஒரு பளபளப்பு ஏறும். அழகு என மயங்குவாரும் உளர். அது வியர்வையும் எண்ணெய்ப் பசையும் படிந்த அழுக்கே. பின்னர் நிறம் போகும், மேற்பூச்சு வெடிக்கும். வெயிலில் நின்று நின்று தோல் உலர்ந்து சுருங்க, தையலின் இருகரையும் விலகும், நூலும் இற்றுப்போகும்.

தோல் நலமாயிருந்து நூல் மட்டும் அறுந்திருப்பின், அழுக்கு நீக்கி மீளத் தைத்தாலே போதும். அவ்வாறு தைக்கும்போது பழைய துளைகளின் வழியே மட்டுமே ஊசி செல்ல வேண்டும். துணியில் ஊசி நுழைந்தால் இழைகள் விலகி வழிவிடும். ஊசி வெளியேறியபின் பெரும்பாலும் கூடிக்கொள்ளும். தோலில் இட்ட துளையோ மறைவதேயில்லை. பழைய துளைக்கு அருகே புதுத்துளை இட்டால், அஞ்சல்தலைத் தாளைக் கிழிப்பதுபோல அவ்வரிசை முழுதும் கிழிந்துவிடும். முன்னொருவன் இட்ட துளைக்குப் பின்னவன் கட்டுப்பட்டவன்.

தோலே வெடித்திருந்தால் புதிய உறை வேண்டும். பழைய உறையைத் தையல் பிரித்துத் தட்டையாக விரித்து, அதையே அச்சாகக் கொண்டு புதுத்தோலை வெட்டுவர். அகலத்தைச் சற்றே குறைத்து வெட்டுவது தொழில்நுட்பம். அப்போதுதான் நூல் இழுக்க இழுக்க உறை வளையத்தை இறுகப் பற்றும். ஒரே நூலின் இருமுனையிலும் இரு ஊசிகள். அவை இருகரையிலும் மாறிமாறிச் செல்லும். இருபுறத் துளைகளின் எண்ணிக்கை ஒத்திருத்தல் வேண்டும்; ஒன்று தவறினாலும் தையல் வரி கோணிக்கொண்டே போகும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகுமாதலின் மெழுகிட்ட பாலியெஸ்டர் நூலையே கொள்வர். இக்காலச் சக்கரங்களின் நடுவே விபத்தில் விரியும் காற்றுப்பை அடங்கியிருப்பதால், பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்தே கைவைப்பர். அவசரத்துக்கு இடமில்லாத தொழில் இது.

வளைந்த ஒன்றன்மேல் தோலைப் போர்த்தி, இருகரையும் கூட்டித் தைப்பதற்குத் தமிழில் சொல் உண்டு: பொல்லம் பொத்துதல். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழின் பத்தர்மேல் போர்த்த தோலை இவ்வாறுதான் வருணிக்கிறார். விளக்குச் சுடரின் நிறமுடைய தோல். அதன் நடுவே ஓடும் தையல் வரிக்கு அவர் தரும் உவமை, பிறர் அறியாத இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிற்றில் ஒழுகிய மெல்லிய மயிர்வரி. தையலை அருகிருந்து காணாதவர்க்கு இவ்வுவமை தோன்றாது. இற்றைக் கவிதையில் ஊசியும் நூலும் மலிந்து கிடக்கின்றன; தைப்பதைக் கண்டு எழுதியவை மிகச் சிலவே என்பேன். கவிஞர்கள் பொறுத்தருள்க.

புறநானூற்றின் 82ஆம் பாட்டு இதனினும் நுட்பமானது. சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியின் போர் விரைவைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது, மனைவிக்கோ பேற்று நேரம், மழை பொழிகிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் கட்டிலுக்கு வார் பிணிக்கும் ஒருவன் கையில் ஊசி எத்துணை விரைந்து ஓடும்! அவ்விரைவினும் விரைந்தது அரசனின் போர். ஒரு தொழிலாளியின் ஒருநாள் முழுதும் சில அடிகளுக்குள் வந்துவிட்டது. ஆனால் அவனைச் சுட்டப் புலவர் கைக்கொண்ட சொல் 'இழிசினன்'.

இப்பாட்டை வகுப்பில் நடத்தியபோது மாணவர் ஒருவர் எழுந்து, "அம்மா, உவமைக்கு அவர் கை வேண்டும், அவர் வேண்டாமா?" என்று வினவினார். அக்காலத்தில் அது வெறும் தொழிற்பெயரே எனச் சமாதானம் கூறுவாருண்டு. நான் உடன்படேன். 'இழி' என்னும் அடி அச்சொல்லிலேயே வெளிப்படையாக நிற்கிறது. பாடத்தைத் திருத்த நமக்கு உரிமையில்லை. ஏட்டில் உள்ளது உள்ளவாறே இருக்கட்டும். ஆனால் அவ்விடத்தில் 'தாழ்ந்தவன்' எனப் பொருளெழுதிக் கடந்துசெல்லும் உரையை நான் ஏலேன். அங்கே நின்று, இவன் இன்ன வேலை செய்தான், அவ்வேலைக்கு இவ்வளவு திறம் வேண்டும் என எழுதுவது உரையாசிரியர் கடன்.

வேறு சொல் நம்மிடம் இல்லாமலில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, மருவூர்ப்பாக்கத்துத் தொழில்வினைஞரை நிரல்படச் சொல்லுமிடத்தில் துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்து வைக்கிறது. தோல் தைப்போர்க்கு இளங்கோவடிகள் தந்த பெயர் 'துன்னர்'. துன்னம் என்பது தையல், துன்னர் தைப்பவர். அதில் ஏற்றமுமில்லை, இழிவுமில்லை. செய்யும் தொழில் மட்டுமே உள்ளது.

நம் வட்டத்தார் தொகுத்துவரும் கலைச்சொற் பட்டியலில் ஸ்டீயரிங்குக்குத் 'திசைமாற்றி' முதலாக மூன்று சொற்கள் கண்டேன். எதைக் கொள்வது என்பதை ஓட்டுநர்கள் முடிவு செய்யட்டும். அதற்கு உறை தைப்பவர்க்கு அப்பட்டியலில் ஒரு சொல்லும் இல்லை. 'துன்னர்' என்பதை அவ்விடத்தில் சேர்க்குமாறு குழுவினரை வேண்டி அமர்கிறேன்.