பள்ளிக்குரிய பணம் கொடையன்று, உரிமை!



நாட்டு வருவாயில் நூற்றுக்கு 6 பங்கைக் கல்விக்கு ஒதுக்குக என்று 1966இல் கோத்தாரி கல்விக்குழு பரிந்துரைத்தது. அவ்வளவு இன்றுவரை எட்டப்படவில்லை. மாநிலப் பட்டியலிலிருந்த கல்வியோ, 1976இல், நெருக்கடிநிலைக் காலத்தில், பொதுப்பட்டியலுக்குப் பறிபோனது.

விளைவு என்ன? மும்மொழித் திட்டம் அடங்கிய புதிய கல்விக்கொள்கையை ஏற்க மறுத்ததற்காக, ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2152 கோடி உருபாவை 2024-25இல் நடுவணரசு நிறுத்தி வைத்தது.

அஃது எவர் பணம்? உழவரும் நெசவாளரும் வரியாய் இறுத்த பணம்! செல்வர் பிள்ளைக்குத் தனியார் பள்ளியுண்டு. ஏழைப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியன்றி வேறு புகல் ஏது? கொள்கையில் மாறுபட்டால் அரசுகள் வழக்காடட்டும். பிள்ளைகளின் பங்கைப் பிணையாக வைத்தல் அறமாகுமா?

மாணவர் தொகையும் தேவையுமே ஒதுக்கீட்டுக்கு அளவுகோலாகட்டும். கல்வி மாநிலப் பட்டியலுக்கு மீளட்டும். பெறும்வரை கேட்போம்!