கிழக்கே சரிந்த நிலம்

(சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் பேசியது. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுதித் தந்திருக்கிறேன்.)



நான் பேச்சாளன் இல்லை. பக்டரியில் இரவு வேலை செய்கிறவன். ஏ.எல். வரைக்கும் புவியியல் படித்தேன், அதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பாடத்தில் உள்ள விருப்பம் இன்னும் போகவில்லை. தமிழ் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "இலங்கை தீவுதானே? பிறகு எப்படி இவ்வளவு சனம் இந்தியாவுக்குப் போனது? பிளேனிலயோ?" ஏன் போனோம் எண்டது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போக முடிந்தது எண்டதற்கு நிலத்திட்டை ஒரு பதில் இருக்கிறது. அதற்குத் தமிழ்நாட்டை மேற்கிலிருந்து கிழக்காகப் பார்க்க வேணும்.

மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. நீலகிரியில் உள்ள தொட்டபெட்டாதான் தமிழ்நாட்டில் உயரமான சிகரம், 2,637 மீற்றர். அதற்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாய், ஏறக்குறைய 30 கிலோமீற்றர் அகலமான வாசல். கிழக்குத் தொடர்ச்சி மலை பேருக்குத்தான் தொடர்ச்சி. சவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை எண்டு துண்டு துண்டாக நிற்கும். நீலகிரியின் பாறைகள் ஏறக்குறைய 250 கோடி வருஷம் பழசு. இங்கே எங்கட ரங்கிற்றோற்றோ கடலுக்குள்ளிருந்து எழும்பி ஏறக்குறைய 600 வருஷம்தான். அந்தக் கிழவன் முன்னால் இது தொட்டில் பிள்ளை.

இந்த நிலம் முழுக்கக் கிழக்கே சரிந்து கிடக்கிறது. காவேரி பிறக்கிற குடகு அரபிக்கடலுக்குக் கிட்ட இருக்கிறது. ஆனால் ஆறு அந்தப் பக்கம் விழாமல், ஏறக்குறைய 800 கிலோமீற்றர் ஓடி வங்கக் கடலுக்கு வருகிறது. பாலாறு, தென்பெண்ணை, வைகை, தாமிரபரணி எல்லாம் கிழக்கு நோக்கியே ஓடுகின்றன. மலையைக் கரைத்துக் கொண்டுவந்த வண்டல்தான் தஞ்சாவூர் டெல்டா. அந்த நெற்களஞ்சியம் மலை தந்த சீதனம்.

மழையும் மலையைப் பொறுத்ததுதான். ஆனி தொடக்கம் புரட்டாதி வரை வரும் தென்மேற்குக் காற்று கேரளப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டும்போது வெறும் காற்றாக வரும். வைத்தாக்கரே மலைப்பக்கம் நனைகிற அளவுக்கு ஒக்லண்ட் நகரம் நனைவதில்லை, அதுபோல. ஆகவே தமிழ்நாட்டுச் சமவெளி ஐப்பசி, கார்த்திகை மாரியைத்தான் பார்த்திருக்கும். வருஷ மழையில் ஏறக்குறைய பாதி அப்போதுதான் கிடைக்கும். எங்கட ஊரிலும் அதே மாரிதான். அங்கே ஏரி, வன்னியில் குளம். பெயர் வேறு, காரணம் ஒன்று.

இனிக் கரைக்கு வருவோம். பழவேற்காட்டுக் களப்பு, சென்னை, பிச்சாவரத்துக் கண்டல் காடு எல்லாம் தாண்டிக் கோடிக்கரை வரைக்கும் கரை ஏறக்குறைய நேராக இறங்கும். அங்கே திடீரென்று மேற்கே மடியும். அந்த மடிப்புக்குள் கிடக்கிறது பாக்கு நீரிணை. பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழம். கடைசிப் பனிக்காலத்தில், ஏறக்குறைய 20,000 வருஷத்துக்கு முன்னர், உலகக் கடல்மட்டம் இப்போதையிலும் பார்க்க ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. அப்போது இது கடலே இல்லை, தரை. பனி உருகக் கடல் ஏறி இடையில் வந்தது. இந்தியாவும் இலங்கையும் இன்றைக்கும் ஒரே கண்டமேடையில்தான் நிற்கின்றன.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஒக்லண்ட் நகரத்திலிருந்து பாப்பகுரா போகிற தூரம். இடையில் மணல்திட்டுகள். பருவக்காற்றோடு நீரோட்டம் திசை மாற, மணலும் இடம் மாறும். நாங்கள் மன்னார் ஆக்கள். 1990 இல் எங்களை ஓட்டி இரவோடு இரவாக ஒரு திட்டில் இறக்கிவிட்டுப் போனான். "இதுதான் இந்தியா எண்டான், பார்த்தால் நாலு பக்கமும் தண்ணி" எண்டு அம்மா சொல்லுவா. அப்போது எனக்கு மூன்று வயது. வள்ளம் ஏன் கரை வரைக்கும் வரவில்லை, அந்தத் திட்டு ஏன் அங்கே இருந்தது எண்டது ஏ.எல். படிக்கும்போதுதான் விளங்கியது. எங்கட உயிரைத் தாங்கினது ஒரு முழங்கால் ஆழக் கடல்.

ஆழமில்லாத கடல் சாதுவான கடல் எண்டு நினைக்கக் கூடாது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரும், அங்கே வந்த ரயிலும் போயின. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் அதிகம் இழந்தது நாகபட்டினம், எங்கட பக்கம் முல்லைத்தீவும் தப்பவில்லை. தட்டையான கரைக்கு ஒதுங்க மேடு கிடையாது. இப்போது கடல்மட்டம் மறுபடியும் ஏறுகிறது. யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தங்கிய மழைத்தண்ணிதான் கிணற்றுத் தண்ணி. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். ஊரில் காணி, கிணறு உள்ளவர்கள் இதை யோசிக்க வேணும்.

கடைசியாக ஒன்று. மண்டபம் முகாமில் இருந்த எங்களில் பலருக்குத் தமிழ்நாடு எண்டால் சுடுமணலும் தண்ணி வரிசையும்தான். அது அந்தச் சரிவின் கடைசி ஓரம் மட்டும். பிள்ளைகளோடு ஒருநாள் வரைபடத்தை விரித்து வைத்து, தொட்டபெட்டாவிலிருந்து விரலை மெல்லக் கிழக்கே இழுத்துக்கொண்டு வாருங்கோ. நீங்கள் இறங்கின இடத்தையும் காட்டுங்கோ. அதை நீங்கள்தான் காட்ட வேணும், வரைபடத்தில் அந்தத் திட்டுக்குப் பெயர் போட்டிருக்காது.